ஜெபசெல்வி டீச்சருக்கு மீன் இல்லை

அத்தியாயம் 11

ஒரு மருமகள் தன் மாமியாரிடம் மனம்விட்டு அழலாமா என்று கேட்டால், தாராளமாக அழலாம். ஆனால் அந்த மாமியார் மீன் மார்க்கெட்டில் கடை போடுகிறவராக இருந்தால், கொஞ்சம் யோசித்துத்தான் அழ வேண்டும்.

திவ்யா யோசிக்கவில்லை. போன வியாழக்கிழமை சாயங்காலம், கோட்டைக்குப்பத்து வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து அழுது தீர்த்துவிட்டாள். சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டே அழுததால் முதலில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. வெங்காயம் தீர்ந்த பிறகும் அழுகை தீராததால்தான் மாமியார் கஸ்தூரியம்மாள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

அழுகைக்குக் காரணம் ஓர் அலமாரி.

ஏரிக்கரைப் பள்ளியின் அறிவியல் அறை மூலையில் நிற்கும் பச்சை இரும்பு அலமாரி அது. உள்ளே பிரித்துப் பிரித்துக் காட்டக்கூடிய இதய மாடல், கையால் வரைந்த சார்ட்டுகள், கண்ணாடி ஸ்லைடுகள், பல வருஷத்துக் கேள்வித்தாள்கள் என்று ஒரு ஆசிரியருக்கு என்னென்ன வேண்டுமோ எல்லாம் இருந்தன. மூத்த அறிவியல் ஆசிரியை ஜெபசெல்வி தன் கையால் செய்து சேர்த்தவை அவை. சாவியும் அவர் கையில்தான்.

தற்காலிக ஆசிரியையாகச் சேர்ந்த திவ்யா முதல் தடவை சாவி கேட்டபோது, "வீட்ல இருக்கும்மா" என்றார் டீச்சர். இரண்டாம் தடவை, "பையில இருக்கு, பை வீட்ல இருக்கு" என்றார். மூன்றாம் தடவை கேட்டபோது பை அவர் தோளிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. "பாக்கலாம்மா" என்று சொல்லிவிட்டு நடந்தார். நடக்க நடக்கப் பைக்குள் சாவிக்கொத்து சலங்கை போலக் குலுங்கியது.

இத்தனையையும் கேட்டுவிட்டு கஸ்தூரியம்மாள் சொன்னது ஒன்றே ஒன்றுதான்.

"நீ மூஞ்சி கழுவினு வந்து சாப்புடு. மத்தத நான் பாத்துக்கறேன்."

மத்ததை மாமியார் எப்படிப் பார்த்துக்கொண்டார் என்பது திவ்யாவுக்கு இந்தச் செவ்வாய்க்கிழமை காலையில்தான் தெரிந்தது. அதுவும் கணவன் இளவழகனின் வாயில் இட்லி சரியாக அடைபடாத காரணத்தால்.

அன்று ஏரியில் அவர்கள் வீட்டு முறை. அவசர அவசரமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தவன், சட்னிக்குக் கை நீட்டும்போது சொன்னான்:

"யம்மா, அந்தப் பொன்னேரி டீச்சரு நேத்து லைட்ஹவுஸ் குப்பம் வரைக்கும் நடந்து போயி மீனு கேட்டுச்சாமே. அங்கயும் இல்லன்னுட்டாங்களாம். பாவம்மா, போதும் வுட்ரலாம்."

கூடையில் ஐஸ் அள்ளிப் போட்டுக்கொண்டிருந்த கஸ்தூரியம்மாளின் கை நின்றது.

"வாயில இட்லிய வச்சினு இன்னாடா பேச்சு?"

"எந்த டீச்சர்?" என்றாள் திவ்யா.

இளவழகன் அம்மாவைப் பார்த்தான். அம்மா ஐஸைப் பார்த்தாள். ஐஸ் யாரையும் பார்க்காமல் உருகியது.

"அத்தே, இன்னா பண்ணி வச்சிருக்கீங்க?"

"நான் இன்னா பண்ணேன்? ஒரே ஒரு வார்த்த சொன்னேன்."

"யார்கிட்ட?"

"மார்க்கெட்ல."

"மார்க்கெட்ல யார்கிட்ட?"

கஸ்தூரியம்மாள் சிறிது யோசித்தாள். பொய் சொல்லிப் பழக்கம் இல்லாதவள்.

"மார்க்கெட்கிட்ட" என்றாள்.

விஷயம் இதுதான். பழவேற்காட்டு ஏரியில் இறால் நன்றாக விழும் இடங்களுக்குப் பாடு என்று பெயர். அந்த இடங்கள் யாருக்கும் சொந்தம் இல்லை. சீட்டுக் குலுக்கிப் போட்டு, இன்றைக்கு இன்னார் வலை, நாளைக்கு இன்னார் வலை என்று முறை வைத்துக்கொள்வார்கள். ஒருவன் முறையில் இன்னொருவன் குறுக்கே நின்றால் ஊர் அவனுக்குக் கட்டுப் போட்டுவிடும். கொடுக்கல் கிடையாது, வாங்கல் கிடையாது, பேச்சுகூடக் கிடையாது.

அந்தச் சட்டத்தை கஸ்தூரியம்மாள் அப்படியே தூக்கிக்கொண்டுபோய்ப் பள்ளிக்கூடத்து அலமாரிக்குப் போட்டுவிட்டாள்.

ஜெபசெல்வி டீச்சர் தினமும் சாயங்காலம் பஸ் ஏறுமுன் மார்க்கெட்டில் மீன் வாங்குகிறவர். வேலைக்கு வந்த நாளிலிருந்து அப்படித்தான். வெள்ளிக்கிழமையிலிருந்து அவர் வந்து நின்றால், கூடை நிறைய மடவை துள்ளிக்கொண்டிருக்கும்போதே, "வித்துப்போச்சு டீச்சர்" என்றார்கள். நேற்று மடவை ஒன்று கூடையிலிருந்து துள்ளி டீச்சரின் காலடியிலேயே விழுந்திருக்கிறது. அதை எடுத்துத் திரும்பக் கூடைக்குள் போட்டுவிட்டு, "இதுவும் வித்துப்போச்சு" என்றிருக்கிறாள் பக்கத்துக் கடை இருசம்மாள்.

திவ்யா தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

"அத்தே, நாளைக்கு ஆபீசர் என் கிளாஸப் பாக்க வர்றாரு. அதுல நல்லா பண்ணாதான் வேலை தொடரும். ஜெபசெல்வி டீச்சர்தான் எனக்கு சீனியர். அவங்க ஒரு வார்த்த தப்பா சொன்னா நான் வீட்டுக்கு வந்துட வேண்டியதுதான். இது எங்க வீட்டு வேலைன்னு அவங்களுக்குத் தெரிஞ்சா?"

"யாரும் சொல்லமாட்டாங்க. மார்க்கெட்டு வாய் தொறக்காது."

"மார்க்கெட்டு இன்னைக்கே கட்ட எடுக்கணும்."

"அது எப்பிடி எடுக்கறது?" கஸ்தூரியம்மாள் நிஜமாகவே குழம்பினாள். "போட்டது நானு. ஆனா முறை உன்னுது இல்ல? என் முறை எனக்கு வந்துடுச்சுன்னு நீ வந்து நாலு பேரு மின்னாடி சொல்லணும். அப்பதான் அவுக்க முடியும். சாவி வந்துச்சா?"

"வரல."

"அப்ப இன்னா சொல்லுவ?"

இளவழகன் கை கழுவிக்கொண்டு நைசாக வெளியே நழுவினான். ஏரியில் அவனுக்கு எத்தனையோ ஆபத்துகள் இருந்தன. இன்று வீட்டைவிட ஏரி பாதுகாப்பு என்று அவனுக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

பள்ளியில் தலைமையாசிரியர் கிருஷ்ணன் சார் திவ்யாவைக் கூப்பிட்டு அனுப்பியிருந்தார். நல்ல மனிதர். கெட்ட செய்தி சொல்வதற்குமுன் மூக்குக்கண்ணாடியைத் துடைப்பார். திவ்யா உள்ளே நுழைந்தபோது துடைத்துக்கொண்டிருந்தார்.

"நாளைக்கு இதயம் பாடம்தானேம்மா எடுக்கற?"

"ஆமா சார்."

"அந்த மாடல் இருந்தா நல்லா இருக்கும். ஜெபசெல்வி மேடத்துகிட்ட நானே கேட்டு வாங்கித் தரலாம்னு கூப்பிட்டேன். அவங்க என்கிட்ட வேற பேப்பரைக் கொடுத்துட்டுப் போறாங்க." கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "டிரான்ஸ்ஃபர் வேணுமாம்."

"ஏன் சார்?"

"காரணம் சொல்லமாட்டேங்கறாங்க. இத்தனை வருஷம் பொன்னேரிலேருந்து பஸ் நின்னுபோன நாள்லகூட லீவு போடாதவங்க. அவங்க போயிட்டா பத்தாம் வகுப்புக்கு நான் எங்கம்மா போவேன்? நீ இந்த ஊர்ப் பொண்ணு. என்னன்னு பக்குவமா விசாரிச்சுச் சொல்லு."

கிணற்றுக்குள் பூனையைத் தள்ளிவிட்டவளையே கூப்பிட்டு, பூனை எங்கே என்று விசாரிக்கச் சொன்னால் எப்படி இருக்கும்? "விசாரிக்கறேன் சார்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

இரண்டு வகுப்பு எடுத்தாள். எடுத்தது என்னவென்று அவளுக்கே தெரியவில்லை. எட்டாம் வகுப்பு தேவி எழுந்து, "மிஸ், இதயத்துக்கு நாலு அறைன்னு நேத்து சொன்னீங்க, இன்னைக்கு அஞ்சுன்றீங்க" என்றபோதுதான் நினைவு வந்தது.

மதியம் ஆசிரியர் அறையில் ஜெபசெல்வி டீச்சர் மட்டும் இருந்தார். டிபன் பாக்ஸைத் திறந்தார். தயிர்சாதம். ஓரத்தில் ஒரு துண்டு மாங்காய் ஊறுகாய்.

அந்த டிபன் பாக்ஸை திவ்யா அறிவாள். திறந்தால் மீன் குழம்பு வாசனை மூன்று வகுப்பறை தாண்டிப் போகும். மணி அடிக்காமலே பிள்ளைகளுக்குச் சாப்பாட்டு நேரம் தெரிந்துவிடும். இன்று அதிலிருந்து எந்த வாசனையும் வரவில்லை.

டீச்சர் இரண்டு வாய் சாப்பிட்டார். பிறகு கரண்டியை வைத்துவிட்டார்.

"திவ்யா, ஒண்ணு கேக்கட்டுமா?"

"கேளுங்க டீச்சர்."

"ஊருக்கு என் மேல என்ன கோபம்?"

திவ்யா தன் டிபன் பாக்ஸின் மூடியைப் பார்த்தாள்.

"நானும் யோசிச்சு யோசிச்சுப் பாக்கறேன். அந்த லோகேஷை போன மாசம் வெயில்ல நிக்க வெச்சேன். அதுவா இருக்குமோ? ஆனா பாதியிலேயே நிழலுக்குப் போடான்னுட்டேனே. இல்ல, நண்டுக்கு ரொம்ப பேரம் பேசிட்டேனா? பேரம் பேசாட்டி அவங்களே கோவிச்சுக்குவாங்க. ஞாயித்துக்கிழமை கோயில்ல முட்டி போட்டுக்கிட்டு, ஆண்டவரே யாருக்கு என்ன தப்பு பண்ணேன்னு கேட்டுட்டேன். அவரும் சொல்லமாட்டேங்கறார்." டீச்சர் சிரிக்க முயன்றார். அது பாதியில் வேறு ஏதோவாக மாறியது. "மீனுக்காக இல்லம்மா. மார்க்கெட்டுக்குள்ள போனா, 'டீச்சர் இந்தப் பக்கம், டீச்சர் என்கிட்ட வாங்க'ன்னு இழுப்பாங்க பாரு. இப்போ எல்லாரும் வேற பக்கம் திரும்பிக்கறாங்க. அதைத் தாங்க முடியலை. அதான் போயிடலாம்னு எழுதிக் கொடுத்துட்டேன்."

தெரியாது டீச்சர் என்று சொல்லலாம். சொன்னால் வேலை நிலைக்கும். டீச்சர் போய்விடுவார். அலமாரியும் திறந்துவிடும். யோசித்துப் பார்த்தால் திவ்யாவுக்கு எல்லா வகையிலும் லாபம்.

அந்தக் கணக்கு மனசுக்குள் இவ்வளவு வேகமாக ஓடியதைப் பார்த்து அவளுக்கே கூச்சமாக இருந்தது.

"கோபம் அலமாரி மேல டீச்சர்" என்றாள்.

"எந்த அலமாரி?"

"நம்ம அலமாரி. உங்க அலமாரி. நீங்க சாவி தரலைன்னு நான் வீட்ல அழுதேன். எங்க அத்தே மார்க்கெட்ல சொல்லிட்டாங்க. அவங்க உங்களுக்குக் கட்டுப் போட்டுட்டாங்க. எனக்கே இன்னைக்குக் காலைலதான் தெரியும். சத்தியமா."

ஜெபசெல்வி டீச்சர் வைத்த கரண்டியை மறுபடி கையில் எடுத்தார். வெளியே பிள்ளைகள் தட்டு கழுவும் சத்தம் கேட்டது.

"ஒரு இரும்பு அலமாரிக்காக, எனக்கு மடவை மீன் இல்லையா?"

"ஆமா டீச்சர்."

"கிழங்கா மீன்?"

"அதுவும் இல்ல."

"நான் ஆண்டவர்கிட்டல்லாம் கேட்டனே!"

"அவருக்கும் அலமாரி விஷயம் தெரிஞ்சிருக்காது டீச்சர்."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். பயத்தில் ஜோக் அடிப்பது அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே இருக்கும் வியாதி. டீச்சர் சிரிக்கவில்லை. டிபன் பாக்ஸை மூடினார். மூடிய சத்தம் பலமாகவே கேட்டது.

"எனக்குக் கொடுக்கத் தெரியாதுன்னு நினைச்சியா? உனக்கு முன்னாடி மூணு புது டீச்சர் வந்தாங்க. ஷேர் பண்ணுங்க மேடம், ஷேர் பண்ணுங்க மேடம்னு தேனா பேசினாங்க. முதல் ஆள்கிட்ட இதயத்தைக் கொடுத்தேன். மூணு துண்டா திரும்பி வந்துச்சு. அடுத்தவர் என் சார்ட்டை எல்லாம் கண்காட்சியில அவர் பேர்ல மாட்டி ஷீல்டு வாங்கினார். கை தட்டினவங்கள்ல நானும் ஒருத்தி. மூணாவது பொண்ணு மாற்றலாகிப் போகும்போது ஸ்லைடு பெட்டியையும் சேத்து எடுத்துட்டுப் போயிடுச்சு. அந்த மாடலைத் திரும்ப ஒட்டறதுக்கு நான் எத்தனை ராத்திரி உக்காந்தேன்னு உனக்குத் தெரியுமா?"

திவ்யாவுக்குத் தெரியாது. கேட்டதும் இல்லை. சாவி எங்கே என்று மூன்று தடவை கேட்டவள், ஏன் பூட்டியிருக்கிறது என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

இன்னொன்றும் அந்த நேரம் பார்த்து நினைவுக்கு வந்தது. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம். ரத்தம் உடம்புக்குள் எப்படிச் சுற்றி வருகிறது என்று, ஏரித் தண்ணீர் கடலுக்குப் போய் வருவதை வைத்து அவளே பேசிப் பதிவு செய்த வீடியோ ஒன்றை வகுப்பில் காட்டிக்கொண்டிருந்தாள். வாசலில் நின்று பார்த்த ஜெபசெல்வி டீச்சர், "நல்லா இருக்கே, எனக்கு அனுப்பறியாம்மா?" என்று கேட்டார். "நெட் வரலை டீச்சர்" என்றாள் திவ்யா. கேட்ட இடத்திலிருந்து ஜன்னல் வழியாகப் பார்த்தால் செல்போன் டவர் தெரியும்.

அவளுடைய அலமாரி இன்னும் சின்னது. பென் டிரைவ் அளவுதான். அதற்குப் பாஸ்வேர்டுகூடப் போட்டு வைத்திருந்தாள்.

"டீச்சர், அன்னைக்கு நெட் வந்துச்சு" என்றாள்.

"தெரியும்மா. டவருக்குக் கீழதானே நின்னே."

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"ஷேர் பண்ணுங்கன்னு நான் இனிமே கேக்கல டீச்சர்" என்றாள் திவ்யா மெதுவாக. "எங்க ஊர்லயும் யாரும் ஏரியப் பங்கு போட்டுக்கறது இல்ல. பங்கு போட்டா அவனவனுக்கு ஒரு பக்கெட் தண்ணிதான் வரும். முறைதான் வெச்சுக்குவாங்க. உங்க சாமான் உங்க பேர்லயே இருக்கட்டும். பேரு எழுதி ஒட்டிடுங்க. எனக்கு ஒரு நாள் முறை கொடுங்க. காலைல எடுத்தா சாயங்காலம் உள்ள. என் வீடியோ எல்லாத்துக்கும் அதே மாதிரி உங்களுக்கு முறை. என் பேரு போட்டுத்தான் காட்டணும், சொல்லிட்டேன்."

டீச்சர் பதில் சொல்வதற்குள் மணி அடித்துவிட்டது. அரசுப் பள்ளி மணிக்கு எப்போதும் நேரம் காலம் தெரியாது. டீச்சர் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு வகுப்புக்குப் போய்விட்டார். பை குலுங்கிய சத்தம் தாழ்வாரம் முழுக்கக் கேட்டது.

பள்ளி விட்டதும் திவ்யா டீச்சரைத் தேடினாள். ஆள் இல்லை. "மேடம் முன்னாடியே கிளம்பிட்டாங்க" என்றார் கிருஷ்ணன் சார். "விசாரிச்சியாம்மா?"

"விசாரிச்சுட்டேன் சார். நாளைக்குச் சொல்றேன்."

மார்க்கெட் வழியாகத்தான் பஸ் ஸ்டாண்டுக்குப் போக வேண்டும். டீச்சர் இன்று மார்க்கெட்டுக்குள் நுழையமாட்டார். ஓரமாக, தலை குனிந்து, பஸ்ஸைப் பார்த்து நடப்பார். அதை நினைத்துப் பார்க்கவே திவ்யாவுக்கு முடியவில்லை. செருப்பு தெறிக்க ஓடினாள்.

மார்க்கெட் சாயங்கால மும்முரத்தில் இருந்தது. ஏரி இறாலும், கடல் நெத்திலியும், கால் கட்டிய நண்டும் ஒரு பக்கம். அவற்றைவிட அதிகச் சத்தத்தோடு பெண்கள் இன்னொரு பக்கம். நடுவில் கஸ்தூரியம்மாள். இளவழகனுக்கு இன்று முறை நன்றாக வந்திருந்தது போலிருக்கிறது. கூடையில் இறால் குவிந்திருந்தது.

"இன்னாமே, இப்பிடி எறைக்க எறைக்க வர்ற?"

"அத்தே, எல்லாரையும் கூப்புடுங்க."

கூப்பிட வேண்டிய அவசியமே இருக்கவில்லை. மருமகள் ஒருத்தி மாமியாரிடம் மூச்சு வாங்க ஓடி வந்தால் மார்க்கெட் தானாகவே திரும்பும். இருசம்மாள் கத்தியை மீனுக்குள் பாதியில் நிறுத்திவிட்டுத் திரும்பினாள்.

நாளைக்கு ஒரே ஓர் ஆபீசர் முன்னால் பேசவேண்டுமே என்று ஒரு வாரமாகத் தூக்கம் வராமல் கிடந்தவள் திவ்யா. இன்று முப்பது பெண்கள் முன்னால் நின்றாள். அத்தனை பேர் கையிலும் அரிவாள்மணையோ கத்தியோ இருந்தது.

"என் முறை எனக்கு வந்துடுச்சு" என்றாள் உரக்க. "டீச்சர் சாவி கொடுத்துட்டாங்க. கட்ட அவுத்துடுங்க."

நண்டுகள் மட்டும் நகர்ந்தன.

கஸ்தூரியம்மாள் இடுப்பில் கை வைத்தாள். தன் மருமகளுக்கு நல்லது நடந்ததா என்று பார்க்காமல் விடுகிற ஜாதி இல்லை அவள்.

"சாவி எங்க?"

"பையில இருக்கு அத்தே."

"பை?"

"பை… ஸ்கூல்ல இருக்கு."

பை அவள் தோளில் தொங்கிக்கொண்டிருந்தது. மார்க்கெட் முழுவதும் அதைப் பார்த்தது. இருசம்மாள் தன் கத்தியால் அதைச் சுட்டிக்காட்டவும் செய்தாள்.

"ஏம்மே திவ்யா," கஸ்தூரியம்மாளின் குரல் இறங்கியது. "பொய் சொல்றியா? அந்தம்மாவுக்காகவா?"

"அத்தே, அவங்க சோத்துக்குத் தயிர் ஊத்தினு சாப்புடறாங்க. என்னால பாக்க முடியல. சாவி வராட்டி போவுது. வேலை போனாலும் போவுது. அவங்களுக்கு மீனு கொடுங்க."

"வேலை ஏன் போகணும்?"

குரல் பின்னாலிருந்து வந்தது. இறால் கூடைக்கும் ஐஸ் பெட்டிக்கும் நடுவில் ஜெபசெல்வி டீச்சர் நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக நிற்கிறாரோ தெரியாது. கையில் அவர் தினமும் மீன் வாங்கிப்போகும் பச்சை ஒயர் கூடை.

டீச்சர் தன் பையைத் திறந்தார். எதையோ தேடினார். பேனா வந்தது, ஜெபமாலை வந்தது, பஸ் டிக்கெட் வந்தது. கடைசியில் சாவிக்கொத்து வந்தது. அதிலிருந்து ஒரு சாவியை நகத்தால் நெம்பி நெம்பிக் கழற்றினார். இத்தனை வருஷமாகக் கழற்றாத சாவி. லேசில் வரவில்லை. முப்பது பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள். இருசம்மாள் ஒரு கட்டத்தில் உதவிக்குக் கத்தியை நீட்டினாள்.

"சொன்னது பொய் இல்ல" என்றார் டீச்சர், சாவியை திவ்யாவின் உள்ளங்கையில் வைத்து. "கொஞ்சம் முன்னாடி சொல்லிட்டா, அவ்வளவுதான். நாளைக்கு இவ முறை. வியாழக்கிழமை என் முறை. காலைல எடுத்தா சாயங்காலம் உள்ள இருக்கணும். என் பேரு எழுதி ஒட்டியிருக்கும், அதைக் கிழிக்கக் கூடாது."

"கிழிச்சா எங்கூட்டு வலையக் கிழிங்க டீச்சர்!" என்றாள் கஸ்தூரியம்மாள். அவ்வளவு நேரம் இடுப்பில் இருந்த கை எப்போது டீச்சரின் கையைப் பிடித்துக்கொண்டது என்று யாருக்கும் தெரியவில்லை. "ஒடைஞ்சா எம் புள்ளையோட படகப் புடுங்கிக்கோங்க."

"எனக்குப் படகு எதுக்கும்மா? நீச்சலே தெரியாது."

மார்க்கெட் சிரித்தது. வெள்ளிக்கிழமையிலிருந்து அடக்கி வைத்திருந்த சிரிப்பு அது. உண்மையைச் சொன்னால் டீச்சருக்குக் கட்டுப் போட்டதில் மார்க்கெட்டுக்கும் நிம்மதி இல்லை. பேரம் பேச ஆள் இல்லாமல் எல்லாருக்கும் வாய் துருப்பிடித்துப் போயிருந்தது.

"டீச்சர், இந்தப் பக்கம் வாங்க! மடவை பாருங்க, இப்ப வந்தது!"

"டீச்சர், அவ கெடக்கறா, என்கிட்ட வாங்க!"

"வித்துப்போச்சுன்னீங்களே?" என்று டீச்சர் இருசம்மாளைப் பார்த்துக் கேட்டார்.

"வாங்கினவன் திருப்பிக் கொடுத்துட்டான் டீச்சர்" என்றாள் இருசம்மாள், கண் இமைக்காமல்.

கஸ்தூரியம்மாள் இறாலை இரண்டு கையாலும் அள்ளி ஒயர் கூடைக்குள் போட்டாள். காசு வேண்டாம் என்றாள். டீச்சரின் முகம் சுருங்கிவிட்டது.

"சும்மா கொடுத்தா எனக்கு வேண்டாம். விலை சொல்லுங்க."

கஸ்தூரியம்மாள் ஒரு விலை சொன்னாள்.

"அநியாயம்!" என்றார் டீச்சர். குரலில் அத்தனை சந்தோஷம். "இந்த இறாலுக்கா? பாதிகூடப் பெறாது!"

"பாதியா? டீச்சரம்மா, வயித்துல அடிக்காத! எம் புள்ள காலைலேருந்து தண்ணியில நின்னு…"

பேரம் சூடு பிடித்தது. திவ்யா ஐஸ் பெட்டி மேல் உட்கார்ந்துகொண்டாள். புடவை நனைந்ததுகூடத் தெரியவில்லை. காலையிலிருந்து மார்பில் ஏறி உட்கார்ந்திருந்த பாரம் ஒவ்வொரு விலையாக இறங்கிக்கொண்டு வந்தது. உள்ளங்கையில் சாவி வெதுவெதுப்பாக இருந்தது. பென் டிரைவை எடுத்து டீச்சரின் ஒயர் கூடையில் போடப் போனவள், இறாலுக்கு நடுவில் போடுவது சரியில்லை என்று அவர் தோள் பைக்குள் போட்டாள்.

"பாஸ்வேர்டு என்னம்மா?" என்று கேட்டார் டீச்சர், பேரத்தின் நடுவிலேயே.

"வீட்டுக்கார் பேரு டீச்சர்."

"இதைத்தான் எல்லாரும் வைக்கறாங்க. மாத்து."

பேசிக்கொண்டே கிருஷ்ணன் சாருக்கு போன் போட்டார். "சார், காலையில ஒரு பேப்பர் கொடுத்தேனே, அதை அனுப்பிட்டீங்களா? … இல்லையா? … கண்ணாடி துடைச்சுக்கிட்டு இருந்தீங்களா? நல்லதா போச்சு சார். கிழிச்சுடுங்க." போனை வைத்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து பேரத்தைத் தொடர்ந்தார்.

பொன்னேரி பஸ் ஹாரன் அடித்தது. கஸ்தூரியம்மாளே ஒயர் கூடையைத் தூக்கிக்கொண்டு பஸ்வரைக்கும் நடந்தாள். டீச்சருக்கு ஜன்னலோர சீட்டும் பிடித்துக் கொடுத்தாள்; மருமகளுக்குக்கூட அவள் இவ்வளவு வேகமாகப் பிடித்துக் கொடுத்ததில்லை.

"நாளைக்கு ஆபீசரைப் பாத்து பயப்படாதே" என்று ஜன்னல் வழியாகச் சொன்னார் டீச்சர். "இதயத்துல இடது பக்க மூடி கொஞ்சம் லூசு. கட்டைவிரலால அழுத்திப் பிடிச்சுக்கிட்டுத் திற. நானும் பின் பெஞ்சுல வந்து உக்காந்துக்கறேன்."

"சரி டீச்சர்."

பஸ் நகர்ந்தது. திவ்யா கையாட்டினாள். பஸ் திருப்பத்துக்குப் போகும்போது டீச்சரின் தலை திடீரென்று ஜன்னலுக்கு வெளியே முழுசாக வந்தது. முகத்தில் கலவரம்.

"திவ்யா! கீழ்த்தட்டை மட்டும் திறந்துடாதே! நான் வர்ற வரைக்கும் திறக்காதே!"

பஸ் திரும்பி மறைந்துவிட்டது.

மாமியாரும் மருமகளும் நடுத்தெருவில் நின்றார்கள்.

"கீழ்த்தட்டுல இன்னா வச்சிருக்கும்?" என்றாள் கஸ்தூரியம்மாள்.

"தெரியல அத்தே. நமக்கு எதுக்கு?"

"கரெக்ட்டு. நமக்கு எதுக்கு? நான் யார்கிட்டயும் ஒரு வார்த்த சொல்லமாட்டேன்."

திவ்யாவுக்கு நிம்மதியாக இருந்தது. மாமியார் திருந்திவிட்டார். அந்தச் சந்தோஷத்தில் திரும்பி மார்க்கெட்டைப் பார்த்தாள்.

ஒருத்தர் கையிலும் கத்தி அசையவில்லை. முப்பது பேரும் பஸ் போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இருசம்மாள் மட்டும் பக்கத்துக் கூடைக்காரியிடம் குனிந்து, ஆனால் எல்லோருக்கும் கேட்கும்படி, தன் முதல் யூகத்தைச் சொல்லிக்கொண்டிருந்தாள்.